நூற்றில் இருவரும் மற்றத் தொண்ணூற்றெட்டுப் பேரும்

மறுநாளைக்கான பாடக்குறிப்பை எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவில் எனது கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவன் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் படித்தவன். இப்போது இங்கிலாந்தில் கணக்காளனாகத் தொழில் பார்க்கிறான். படத்தில் ஓர் அங்கத்துவ அட்டை இருந்தது. "சேர், மென்சாவில் என்னை எடுத்துவிட்டார்கள். நூறு பேரில் முதல் இரண்டு பேருக்குள் வந்தால்தான் அதில் சேரலாம். வாப்பா உம்மாவுக்குச் சொன்னால் விளங்காது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்" என்று கீழே எழுதியிருந்தான்.

"மிச்சம் சந்தோஷம் மகன்" என்று உடனே பதில் அனுப்பினேன். அதற்கு மேல் ஒரு வரியேனும் எழுத எனக்கு வரவில்லை. நான்கு நாட்கள் அப்படியே கழிந்தன. இது பொறாமையாக இருக்குமோ என்று முதலில் என்னையே சந்தேகித்தேன். அந்தப் பரீட்சையை நான் எழுதினால் எனக்கு எத்தனை புள்ளி கிடைக்கும் என்ற ஆவல் உள்ளே எட்டிப் பார்த்ததை இங்கு மறைக்கப்போவதில்லை. ஆனால் எனது தயக்கத்துக்கு வேறொரு காரணம் இருந்தது. அதைத் தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

இத்தகைய சங்கங்களைப் பற்றி அறியாத வாசகர்களுக்காக முதலில் சிறிது சொல்லவேண்டும். ரோலண்ட் பெரில் என்ற அவுஸ்திரேலியரும், லான்ஸ்லொட் வெயார் என்ற ஆங்கிலேயரும் 1946ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்டில் மென்சாவைத் தொடங்கினார்கள். இலத்தீன் மொழியில் 'மென்சா' என்றால் மேசை. வட்டமேசைக்குத் தலைப்பக்கம் கிடையாது. அதைச் சுற்றி அமர்வோர் அனைவரும் சமம் என்பது அப்பெயரின் கருத்து. அங்கே இனம் கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, சொத்து விபரம் கேட்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஒரு நுண்ணறிவுப் பரீட்சையில் மேலேயுள்ள நூற்றுக்கு இரண்டு பேருக்குள் வந்திருக்கவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இன்று உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அதில் அங்கத்தவர்களாக உள்ளனர்.

நூற்றில் இரண்டு என்ற வேலி சிலருக்குப் போதவில்லை. 1978இல் ட்ரிபிள் நைன் என்றொரு சங்கம் தோன்றியது; அதில் ஆயிரத்தில் ஒருவருக்கே இடம். 1982இல் ரொனால்ட் ஹோஃப்லின் என்ற அமெரிக்கர், முப்பதாயிரத்தில் ஒருவருக்கென ப்ரொமீதியஸ் சங்கத்தையும், பத்து இலட்சத்தில் ஒருவருக்கென மெகா சங்கத்தையும் அமைத்தார். அதற்கென அவர் ஆக்கிய 48 வினாக்களைக் கொண்ட தாள் 1985ஆம் ஆண்டு 'ஒம்னி' என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் வெளியாயிற்று. நேர வரையறை கிடையாது. வீட்டிலிருந்தே எழுதி அனுப்பலாம். வட்டமேசையாகத் தொடங்கிய ஒன்று இவ்வாறு படிக்கட்டாக மாறிற்று. ஒவ்வொரு படியிலும் நிற்பவர் தமக்குக் கீழேயுள்ள படியை எண்ணிக்கொள்ளலாம்.

இவர்கள் நம்பியிருக்கும் எண்ணும் நாம் நினைப்பது போல ஓர் உறுதியான எண் அல்ல. நூற்றில் முதல் இருவருக்குள் வரும் ஒருவருக்கு வெக்ஸ்லர் பரீட்சையில் 130 அளவில் புள்ளி வரும். அதே ஆளுக்குக் கற்றல் என்பவரது அளவுத்திட்டத்தில் 148 வரும். இங்கிலாந்துப் பத்திரிகைகளில் "பத்து வயதுச் சிறுமிக்கு 162 புள்ளி, ஐன்ஸ்டைனை மிஞ்சினாள்" என்ற வகையில் செய்திகள் அவ்வப்போது வரும். 162 என்பது அந்தக் கற்றல் தாளில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் பெறக்கூடிய அதியுச்சப் புள்ளி. ஐன்ஸ்டைன் அத்தகைய பரீட்சை எதையும் எழுதியதற்குப் பதிவே இல்லை.

ஆயினும் இச்சங்கங்களைக் கேலி செய்துவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மென்சாவை ஒரு சிறு குழுவிலிருந்து பெரும் அமைப்பாக வளர்த்த விக்டர் செரப்ரியாகொவ் வசதியான குடும்பத்துப் பிள்ளை அல்ல. எழுதுவினைஞராகவும் உடலுழைப்புத் தொழிலாளியாகவும் இருந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது இராணுவத்தில் வைத்த பரீட்சைதான் அவரது ஆற்றலை அவருக்கே காட்டிக்கொடுத்தது. மென்சாவில் சேர்ந்தோருள் எளிய குடும்பத்தவர்களே அதிகம் என்று கண்டபோது அதன் தாபகர்கள் ஏமாற்றமடைந்ததாகச் சொல்வார்கள். பரீட்சைக்கு ஆளின் குலம் தெரியாது. எங்களூர் மீனவரின் பிள்ளையும் வயற்கூலிக்காரரின் பிள்ளையும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலின் தயவால் நகரத்துப் பெரிய பாடசாலைகளின் வாசலை மிதித்ததைக் கண்ணால் கண்ட நான், பரீட்சையே தீது என்று எப்படிச் சொல்வேன்?

இன்னொன்றும் உண்டு. வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கும். அது கேட்கும் கேள்வி மற்றப் பிள்ளைகளுக்குச் சிரிப்பை மூட்டும். பூச்சியத்தால் ஏன் பிரிக்க முடியாது என்று கேட்டுவிட்டு, விளையாட்டு நேரம் முழுவதும் மதிலோரம் தனியே நிற்கும். அப்படிப்பட்ட தனிமையுடன் வளர்ந்த ஒருவர், தன் பேச்சுக்கு ஈடுகொடுக்கும் நாலு பேரைத் தேடிப் போவதில் என்ன குற்றம்? இந்தச் சஞ்சிகையைச் சுற்றிக் கூடும் நாமும் ஒரு சிறு வட்டம்தானே? ஊரில் கவிதை பற்றிப் பேச ஆளில்லாமல்தானே பஸ் ஏறிப் போய் இலக்கியக் கூட்டங்களில் குந்தியிருக்கிறோம்?

ஒத்த மனத்தோர் கூடுவதில் எனக்கு முறைப்பாடு இல்லை என்பதைத் தெளிந்துகொண்டேன். அப்படியானால் என் பேனாவைப் பிடித்து நிறுத்தியது எது? அதைக் கண்டுகொள்ள, அந்த எண்ணின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டியிருந்தது.

ஆசிரியர் கலாசாலையில் கல்வி உளவியல் பாடத்தில் நுண்ணறிவு ஈவுக்கான சூத்திரத்தை மனனம் செய்தோம்: மன வயதைக் கால வயதால் வகுத்து நூறால் பெருக்குக. பரீட்சையில் அதை எழுதிப் புள்ளியும் பெற்றோம். அந்தச் சூத்திரம் எந்த வீட்டில் பிறந்து எந்தெந்த வீடுகளுக்குப் போய் வந்தது என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிரான்சில் கட்டாயக் கல்வி வந்த பின்னர், வகுப்போடு சேர்ந்து போக முடியாமல் தவித்த பிள்ளைகளைப் பற்றி ஆராய 1904இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் பணிக்காகவே அல்பிரட் பினே, தியோடர் சைமனுடன் சேர்ந்து 1905இல் முதற் சோதனையை ஆக்கினார். அதில் முப்பது சிறு வேலைகள் இருந்தன. படத்திலுள்ளவற்றைப் பெயர் சொல்லுதல், இரண்டு நிறைகளை ஒப்பிடுதல், கேட்ட இலக்கங்களைத் திருப்பிச் சொல்லுதல் என்பன போன்றவை அவை. எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி வேண்டும் என்பதே அவர் கேட்ட கேள்வி. நுண்ணறிவு மாறாத அளவுடையது என்று தீர்ப்புக் கூறியோரை அவர் கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய பிள்ளைகளின் கவனத்தையும் ஞாபகத்தையும் வளர்க்கப் பயிற்சிகளும் வகுத்தார். 1911இல் அவர் காலமானார்.

மறு ஆண்டே ஜேர்மனியரான வில்லியம் ஸ்டேர்ன் மன வயதைக் கால வயதால் வகுக்கச் சொன்னார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டேர்மன் அந்தச் சோதனையைத் திருத்தி விரிவாக்கி, ஈவை நூறால் பெருக்கி வெளியிட்டார். உதவி தேவைப்படும் பிள்ளையைத் தேடிப் புறப்பட்ட கருவி, மனிதரை நிரைப்படுத்தி நிறுத்தும் கருவியாயிற்று. நிரை ஒன்று இருந்தால் அதற்கு இரண்டு முனைகள் இருக்கும். மேல்முனையில் நின்றோருக்குப் பிற்காலத்தில் அங்கத்துவ அட்டை கிடைத்தது. கீழ்முனையில் நின்றோருக்குக் கிடைத்தது வேறு.

வேர்ஜீனியா மாநிலத்தில் கெரி பக் என்றோர் ஏழைப் பெண் இருந்தாள். ஸ்டான்ஃபர்ட்-பினே சோதனையில் அவளது மன வயது ஒன்பது என்று கணித்தார்கள். அவளது தாயும் மந்தபுத்தியுடையவள் என்றார்கள். கெரியின் ஏழு மாதக் கைக்குழந்தையான விவியனையும் ஒருவர் பார்த்து, ஏதோ இயல்பில்லை என்று சாட்சி சொன்னார். 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கெரிக்கு இனிப் பிள்ளை பிறக்காதபடி சத்திரசிகிச்சை செய்வது சட்டப்படி சரியே எனத் தீர்ப்பளித்தது. ஒன்பது நீதியரசர்களில் ஒருவரே மாறுபட்டார். அந்நாட்டில் இவ்வாறு கருத்தடை செய்யப்பட்டோர் தொகை அறுபதாயிரத்துக்கும் மேல். விவியன் பாடசாலைக்குப் போனாள். 1931இல் சிறந்த மாணவர் பட்டியலில் அவள் பெயர் இடம்பெற்றது. அடுத்த ஆண்டு, எட்டு வயதில், நோயுற்று இறந்துபோனாள்.

இப்பாவத்தை மென்சாவின் தலையில் கட்ட நான் முனையவில்லை. இத்தீர்ப்பு வந்து பத்தொன்பது ஆண்டுகளின் பின்னரே அச்சங்கம் பிறந்தது. இரு முனைகளையும் அளந்த கோல் ஒன்றே என்பதை மட்டுமே சொல்கிறேன்.

விவியனின் கதையை அறிந்த நாளிலிருந்து ஆசிரியர் கருத்தரங்குகளில் அதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். "பார்த்தீர்களா, மந்தம் என்று முத்திரை குத்திய குழந்தை சிறந்த மாணவியானது" என்று முடிப்பேன். சபையில் தலைகள் அசையும். அதுபோல இன்னொரு கதையும் கைவசம் வைத்திருந்தேன். 1921இல் டேர்மன் கலிபோர்னியாவில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மேதைப் பிள்ளைகளைத் தெரிவுசெய்து ஆயுள் முழுவதும் ஆராயத் தொடங்கினார். அவர்களுள் பலர் நல்ல உத்தியோகங்களுக்குப் போயினர். நோபல் பரிசு ஒருவருக்கும் கிடைக்கவில்லை. பரீட்சித்துப் பார்த்து, புள்ளி போதாதென விடப்பட்ட சிறுவர்களில் வில்லியம் ஷொக்லி 1956இலும் லூயிஸ் அல்வாரஸ் 1968இலும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்கள். இதற்கும் சபை மகிழும்.

அட்டையின் படம் வந்த அந்த நான்கு நாட்களில்தான் இந்த இரண்டு கதைகளிலும் ஒரு பொத்தல் இருப்பதைக் கண்டேன். விவியன் கெட்டிக்காரியாக இருந்ததால் அந்தத் தீர்ப்பு பிழை என்கிறேன். அவள் உண்மையாகவே மந்தமான பிள்ளையாக இருந்திருந்தால்? தாயின் உடலில் கத்தி வைத்தது சரியாகிவிட்டிருக்குமா? டேர்மனின் கோல் இரண்டு மேதைகளைத் தவறவிட்டது என்று நகைக்கிறேன். தவறவிடாமல் எல்லா மேதைகளையும் எண்ணிப் பிடித்திருந்தால், மற்றவர்களை அது ஒதுக்கியது நீதியாகிவிடுமா? கோல் பிழையாக அளந்துவிட்டது என்று வாதாடும்போதெல்லாம், சரியாக அளந்தால் ஆளின் பெறுமதியை அதனால் சொல்ல முடியும் என்று நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இதற்கு ஷொக்லியின் பிற்கால வாழ்க்கையைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. சிறுவயதில் அந்தக் கோலால் தள்ளப்பட்டவர் அவர். முதிய வயதில் அதே கோலைத் தூக்கிக்கொண்டு, கறுப்பின மக்கள் பிறப்பிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று மேடை மேடையாகப் பேசினார். குறைந்த புள்ளி பெற்றோர் பணம் பெற்றுக்கொண்டு கருத்தடை செய்துகொள்ளலாம் என்று யோசனையும் சொன்னார். கோல் தன்னைப் பிழையாக அளந்தது அவருக்குத் தெரியும். அளப்பதே பிழையாக இருக்கலாம் என்பது தோன்றவில்லை.

இதுவரை பிறநாட்டாரைப் பற்றிப் பேசிவிட்டேன். என்னைப் பற்றியும் சொல்லவேண்டும்.

2007ஆம் ஆண்டு. கலாசாலையில் பயிற்சி முடித்து ஊருக்கு வந்து, ஐந்தாம் ஆண்டைப் பொறுப்பேற்ற புதிது. முப்பத்தொரு பிள்ளைகள். முதலாம் தவணைப் புள்ளிகளைப் பார்த்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய ஒன்பது பேரைப் பிரித்தெடுத்துக் கரும்பலகைக்கு முன்னால் இரண்டு வாங்குகளில் இருத்தினேன். எவரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மாலை வகுப்பும் அவர்களுக்கே. வடிவங்களில் அடுத்து வருவது எது, இலக்கக் கோலத்தில் விடுபட்டது எது என்ற நுண்ணறிவு வினாக்களை நூற்றுக்கணக்கில் அவர்களுக்குப் பழக்கினேன். பிறவியிலேயே அமைந்ததை அளப்பதாகச் சொல்லப்படும் வினாக்களுக்கு நான் ஏன் பயிற்சி கொடுக்கிறேன் என்ற முரண் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்று அட்டை அனுப்பியவன் அந்த முன்வாங்கில் இருந்தவன். அவனது ஒழுங்கையிலேயே இன்னொரு பையன் இருந்தான். அதுவரை இருவரும் அருகருகே இருந்தவர்கள். இரண்டாமவன் மெதுவானவன். ஆனால் ஒரு கணக்கு அவனுக்கு விளங்கிவிட்டால் உடனே திரும்பி, பின்னால் இருப்பவனுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பான். கெட்டிக்காரனுக்கு விடை வரும். வந்த வழி சொல்லத் தெரியாது. மற்றவனுக்கு வழி தெரியும், நடந்து போன பாதை என்பதால். நான் அவனைப் பின்வாங்கில் இருத்தினேன். ஒன்பது பேரில் ஏழு பேர் சித்தியடைந்தார்கள். வாயிற்கதவில் அவர்களின் படங்களோடு பதாதை கட்டினோம். மழையில் சாயம் போகும் வரை, ஒரு வருடத்துக்கு மேல், அது அங்கே தொங்கியது. மற்ற இருபத்துநான்கு பிள்ளைகளும் தினமும் அதன் கீழாலேயே போய் வந்தார்கள்.

அவன் திரும்பிச் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டான். ஆறாம் ஆண்டில் அவன் வகுப்புக்குக் கணிதம் எடுக்கப் போனபோது கண்டேன். கணக்கு விளங்கிய நேரங்களிலும் நேரே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தான். கண்டும் நான் ஒன்றும் செய்யவில்லை.

இந்த இடத்தில், அவன் பின்னாளில் பெரிய ஆளாக வந்தான் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கத்தாரில் ஏதோ ஒரு கம்பனியில் வேலை செய்கிறான், பிள்ளைகள் இரண்டு. அவ்வளவே எனக்குத் தெரியும். அவன் மேதையாக மலர்ந்திருந்தால்தான் நான் செய்தது அநீதி என்று ஆகுமானால், நானும் அதே கோலைத்தான் இன்னும் கையில் வைத்திருக்கிறேன். அவன் மெதுவானவனாகவே இருக்கட்டும். மெதுவான ஒரு பிள்ளையிடம் இருந்த பகிரும் குணத்தை, அது வெட்டுப்புள்ளிக்கு உதவாது என்ற ஒரே காரணத்தால், நான் பின்வாங்குக்கு அனுப்பினேன். எனது குற்றம் அதுதான்.

ஆகவே உயர் நுண்ணறிவுச் சங்கங்கள் எழுப்பும் அறக்கேள்வி, அவர்களது அளவை சரியா பிழையா என்பதல்ல என்றே இப்போது நினைக்கிறேன். அளவை சரியென்றே வைத்துக்கொள்வோம். வேகமான மூளை ஒருவருக்கு வாய்த்தது அவர் சம்பாதித்ததல்ல. வாய்க்காதது மற்றவரின் குற்றமும் அல்ல. வாய்த்ததை என்ன செய்தார் என்பதில்தான் அவரது பங்கு தொடங்குகிறது. இலக்கிய வட்டமொன்றில் ஒருவர் தான் எழுதிய கவிதையைப் பாயில் எடுத்து வைத்த பின்னரே அவரைப் பற்றிப் பேச்சு எழும். இங்கோ, எதையும் வைக்கு முன்னரே கதிரை உறுதியாகிவிடுகிறது. மனித குலத்தின் நன்மைக்காக நுண்ணறிவை இனங்கண்டு வளர்ப்பது என்று மென்சாவே தன் முதல் நோக்கத்தை எழுதி வைத்திருக்கிறது. அதன் தாபகர்களில் ஒருவரான வெயார், அங்கத்தவர்கள் புதிர் விடுவிப்பதிலேயே இத்தனை நேரத்தைக் கழிக்கிறார்களே, அதனால் என்ன பயன் என்று தன் முதுமையில் மனம் வருந்திச் சொன்னார். நன்றாகச் செயற்படும் அங்கத்தவர்களும் அங்கு உண்டு. ஆனால் அதை அவர்களிடம் கேட்பதற்கு அந்த அட்டையில் இடமில்லை.

ஒரு சிறு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். உலக சனத்தொகை எண்ணூறு கோடிக்கு மேல். நூற்றுக்கு இருவர் என்றால் பதினாறு கோடிப் பேர். அங்கத்தவர்களோ ஒன்றரை இலட்சம். தகுதியுடைய ஆயிரம் பேரில் ஒருவரே அட்டை வைத்திருக்கிறார். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரும் தம் புள்ளி எவ்வளவென்று அறியாமலே எங்கோ வயல் விதைத்துக்கொண்டும், தையல் இயந்திரம் மிதித்துக்கொண்டும், நோயாளியின் நாடி பிடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களின் மூளை அவர்களைச் சுற்றியுள்ளோருக்குச் செலவாகிக்கொண்டிருக்கிறது. செலவாவதால் அது குறைந்துபோனதாகத் தெரியவில்லை.

பினே கேட்ட கேள்விக்கே மீண்டும் வருகிறேன். எந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும்? இவ்வாண்டு தொடக்கத்தில் என் வகுப்பு வாங்குகளைக் கலைத்துப் போட்டேன். புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, அதற்குப் படிப்பிக்கிறேன், பெற்றாரின் எதிர்பார்ப்பையும் அறிவேன். ஆனால் ஒரு கணக்கை முதலில் முடித்த பிள்ளை, விடையை என்னிடம் காட்டுவதற்கு முன், பக்கத்திலிருப்பவருக்கு வழியைச் சொல்லவேண்டும் என்பது இப்போது எங்கள் வகுப்பின் ஒழுங்கு. இதனால் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவோர் கூடுவார்களா குறைவார்களா என்று அதிபர் கேட்டார். "பார்ப்போம் சேர்" என்றேன்.

ஐந்தாம் நாள் இரவு இங்கிலாந்துக்குப் பதில் எழுதினேன். "அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள் மகன். அந்த மேசையில் உனக்கு நல்ல சிநேகிதர்கள் கிடைக்கட்டும். சின்ன வயதில் உன் பக்கத்தில் இருந்து கணக்குக்கு வழி சொன்னவனை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்கள் இருவரையும் பிரித்து இருத்தியது நான். அது பிழை."

இரண்டு நாட்களாகப் பதில் இல்லை. மூன்றாம் நாள் காலையில், பாடசாலை மணி அடிக்கும் நேரத்தில் வந்தது. "அவனுடைய இலக்கம் இருக்கா சேர்?"

அவனது தம்பியிடம் கேட்டு வாங்கி, கத்தார் இலக்கத்தை அனுப்பிவைத்தேன். இருவரும் பேசினார்களா என்று நான் கேட்கவில்லை.